கட்டுமரக் கேமரா

(காரைக்கால்மேடு கடற்கரையில் ஒரு பௌர்ணமி மாலை ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இந்த ஊரில் நின்று கட்டுமரத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. தெரிந்தேதான் செய்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டுமரத்தில் ஆணி கிடையாது. தனித்தனி மரம், கயிறு, அவ்வளவுதான். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போடுவார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போது கட்டுவார்கள். ஃபைபர் படகும் எஞ்சினும் வந்தபிறகு இந்தக் காட்சி குறைந்துபோனது. ஆனாலும் இங்கே உட்கார்ந்திருக்கிற தாத்தாமார் கைக்கு அந்த முடிச்சு மறந்திருக்காது. எந்த மரம் எங்கே, எவ்வளவு நெருக்கம், எந்தப் பக்கம் எவ்வளவு இறுக்கம் என்பதில்தான் வித்தை. மரம் எவ்வளவு நல்ல மரமானாலும் கட்டு பிசகினால் முதல் அலையே காட்டிக்கொடுத்துவிடும்.

நான் முப்பது வருஷம் கேமரா பழுது பார்த்தவன். என் மேசையிலும் இதே வித்தைதான் நடந்தது. ஒரு கம்பெனி பாடி, இன்னொரு கம்பெனி லென்ஸ், நடுவில் ஒரு வளையம். இப்படிக் கட்டிய கேமராவை வைத்துப் பெயர் வாங்கிய தமிழர் ஒருவர் இருந்தார். அவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன். 1912-இல் பிறந்தவர், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். காட்டு விலங்குகளைப் பற்றி எழுதுவது, வரைவது, படமெடுப்பது என்றே வாழ்ந்தார். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-இல் ஒரு பத்தி எழுத ஆரம்பித்தார். 1996 பிப்ரவரியில் கண்மூடும்வரை விடவில்லை. தமிழிலும் எழுதினார். 1960-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். முதுமலைக் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களில் தோலின் சுருக்கத்தை எண்ணலாம்.

அந்தப் படங்களை எடுத்த கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்து வேலையில் இருந்த ஈ. பி. ஜீ என்ற ஆங்கிலேயர், அவரும் பெரிய இயற்கை ஆர்வலர், 1964-இல் இந்தியக் காட்டுயிர்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் கிருஷ்ணனின் கேமராவைப் பார்த்துத் திகைத்துப்போனதை எழுதியிருக்கிறார். பாடி ஒரு கம்பெனி, நீள லென்ஸ் வேறு கம்பெனி, மற்ற உறுப்புகள் எங்கெங்கிருந்தோ வந்தவை. எல்லாவற்றையும் இணைத்தது கிருஷ்ணனின் கை. கயிறும் கம்பியும் எங்காவது ஒளிந்திருக்கும் என்று ஜீ கேலியும் செய்கிறார். கிருஷ்ணன் அதற்கு வைத்த பெயர் சூப்பர் பாண்டரோசா. தூக்கமுடியாத கனம் என்ற தொனி அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கேலி இருக்கட்டும். ஒட்டுப்போட்ட கேமராவில் யானையின் தோல் எப்படிக் கூர்மையாக விழுந்தது? கயிறும் கம்பியும் எங்கே இருந்தாலும் சரி, ஒரே ஒரு அளவு மட்டும் சரியாக இருந்திருக்க வேண்டும். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. இன்று நான் பேசப்போகிற நான்கு சாமான்களும் அந்த இடைவெளிக்குள்தான் உட்காருகின்றன. அடாப்டர், எக்ஸ்டென்ஷன் ட்யூப், டெலிகன்வர்ட்டர், ஃபோகல் ரெட்யூசர்.

பிள்ளைகளே, பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கியிருக்கிறீர்களா? கை தூக்காதீர்கள், அம்மா பார்க்கிறார்கள். கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தும்போது ஓரிடத்தில் வெளிச்சப் பொட்டு மிகச் சிறிதாகிப் புகை வரும். அந்தத் தூரம்தான் கண்ணாடியின் குவியத் தூரம். சூரியன் எட்டாத தொலைவில் இருக்கிறது. எட்டாத தொலைவில் உள்ள எதற்கும் பிம்பம் அந்த இடத்தில்தான் விழும். இதைத்தான் கேமராக்காரர்கள் இன்ஃபினிட்டி என்கிறார்கள். அதே கண்ணாடியால் பக்கத்தில் இருக்கிற மெழுகுவத்தியைச் சுவரில் விழவைக்க வேண்டுமானால், கண்ணாடியைச் சுவரிலிருந்து இன்னும் தள்ளிப் பிடிக்க வேண்டும். பொருள் கிட்டே வரவர, பிம்பம் பின்னால் போகும். இந்த ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும், மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவைச் செய்கிற ஒவ்வொரு கம்பெனியும், லென்ஸ் வந்து உட்காருகிற உலோக வளையத்திலிருந்து, அதாவது மவுண்டிலிருந்து, ஃபிலிம் வரை, இப்போது என்றால் சென்சார் வரை, ஒரு தூரத்தை நிர்ணயித்துக்கொள்ளும். நிக்கானின் பழைய எஃப் மவுண்ட், 1959-இல் வந்தது, 46.5 மி.மீ. கேனானின் இ.எஃப்., 1987-இல் வந்தது, 44 மி.மீ. எம் 42 என்று ஒரு திருகு மவுண்ட் உண்டு. கிழக்கு ஜெர்மனியில் பிறந்து, சோவியத் ஜெனிட்டுக்கும் ஜப்பான் பென்டாக்ஸுக்கும் போய், உலகம் சுற்றிய மவுண்ட். அதற்கு 45.46 மி.மீ. எல்லாமே 40-க்கு மேலே இருப்பதைக் கவனியுங்கள். அந்தக் கேமராக்களுக்குள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி சாய்ந்து நிற்கும், பட்டனை அழுத்தினால் மேலே எழும். அது எழுந்து படுக்க இடம் வேண்டும் அல்லவா?

2008-இல் பானாசோனிக் அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவைக் கொண்டுவந்தது. 2010-இல் சோனி இ மவுண்ட் வந்தது, அதன் தூரம் 18 மி.மீ. 2018-இல் வந்த நிக்கான் இசட் மவுண்டுக்கு 16 மி.மீ. கண்ணாடி போனதும் லென்ஸுக்குப் பின்னால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் காலியிடம் கிடைத்துவிட்டது. பீரோவுக்குள் நாஃப்தலின் உருண்டையோடு தூங்கிய பழைய லென்ஸெல்லாம் எழுந்து உட்கார்ந்தன. ஜெனிட்டோடு வந்த 58 மி.மீ. ஹீலியோஸ் லென்ஸைச் சோனியில் மாட்ட வேண்டுமா? 45.46-இல் 18-ஐக் கழியுங்கள். 27.46 மி.மீ. கனத்தில் ஒரு வெற்றுக் குழாய். இந்தப் பக்கம் சோனியின் பிடிப்பு, அந்தப் பக்கம் எம் 42 திருகு. உள்ளே ஒரு துளிக் கண்ணாடி கிடையாது. அடாப்டர் என்றால் இதுதான். இதோ சுற்றுக்கு விடுகிறேன், விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். கடைசி ஆள் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இதே கழித்தலைத் தலைகீழாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி. என்னிடம் ஒரு நிக்கான் பாடி இருந்தது. எம் 42 திருகில் 135 மி.மீ. லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைத்தது. வெளியூர்க் கடை ஒன்றில் அடாப்டர் வாங்கினேன். கச்சிதமாக மாட்டியது. வாங்கிய கையோடு மாங்கனித் திருவிழா. ஆனிப் பௌர்ணமி, காரைக்கால் அம்மையார் வரலாற்றுக்காக ஊரே திரண்டு நிற்கிறது. பிச்சாண்டவர் வீதியுலா வருகிறார், மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கிறது. நான் ஒரு மொட்டை மாடியில் நிற்கிறேன். லென்ஸை எவ்வளவு திருகினாலும் சாமி தெளியவில்லை. கீழ்வீட்டு வாசலில் நிற்கிற பெரியவரின் மீசை தெளிவாகத் தெரிகிறது, முப்பது மீட்டர் தள்ளி வருகிற சாமி பஞ்சு மாதிரி தெரிகிறது!

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். லென்ஸுக்கு வேண்டியது 45.46. நிக்கான் பாடி தொடங்குவதே 46.5-இல். மேலே வளையத்தை ஒட்டியே வைத்தாலும் 1.04 மி.மீ. அதிகம். இந்த அதிகம் எதில் போய் முடியும் என்பதை நியூட்டன் சொல்லிவைத்த ஒரு எளிய வாய்ப்பாட்டில் கண்டுபிடிக்கலாம். குவியத் தூரத்தை அதனாலேயே பெருக்கு, அதிகமான இடைவெளியால் வகு. 135 பெருக்கல் 135, அதை 1.04-ஆல் வகுத்தால் சுமார் 17,500 மி.மீ., அதாவது பதினேழரை மீட்டர். அதற்கு அப்பால் உள்ள எதையும் அந்தக் கூட்டணியால் பார்க்க முடியாது. பதினேழு மீட்டருக்குள் சாமி வந்திருந்தால் படம் விழுந்திருக்கும். அவருக்கு அது தெரியுமா?

இந்தக் கணக்கை லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். அடாப்டர் ஒரு தலைமுடியின் கனம், 0.1 மி.மீ., கூடிவிட்டது என்று வையுங்கள். 300 மி.மீ. லென்ஸில் 900 மீட்டர் வரை தெளியும், யாருக்கும் குறை தெரியாது. 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டரில் நின்றுவிடும். 24 மி.மீ. அகல லென்ஸோ ஆறு மீட்டரைக்கூட எட்டாது. நீள லென்ஸ் மன்னிக்கும், அகல லென்ஸ் மன்னிக்காது. கிருஷ்ணனின் ஒட்டுவேலை நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம். அவர் மாட்டியது நீள லென்ஸ். எடுத்தது காட்டுக்குள் நிற்கிற யானையை, அடிவானத்துக் கப்பலை அல்ல.

கனம் குறைந்தால் இவ்வளவு ஆபத்து இல்லை. லென்ஸ் இன்ஃபினிட்டியைத் தாண்டியும் திரும்பும், அவ்வளவுதான். அதனால்தான் மலிவு அடாப்டர்களைக் கொஞ்சம் மெலிதாகவே கடைந்து விடுகிறார்கள். ஆனால் வளையத்தின் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் எந்தக் கணக்கும் உதவாது. படத்தின் இடது ஓரம் தெளிந்தால் வலது ஓரம் மங்கும். கட்டுமரத்தில் ஒரு பக்கக் கயிறு மட்டும் தளர்ந்த மாதிரி. இன்னொன்று, கேனானின் இ.எஃப். லென்ஸ்களில் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழைகிற துளையை, கையால் திருக வளையம் இல்லை, மின்சாரம்தான் திருகும். வெற்றுக் குழாய் அடாப்டர் அங்கே ஊமை. மின்தொடர்பு உள்ள அடாப்டரை வாங்குங்கள், விலை பல மடங்கு.

இப்போது ட்யூப். மாங்கனித் திருவிழாவில் எனக்குக் குற்றமாக வந்த அதே அதிக இடைவெளியை வேண்டும் என்றே வாங்கிக்கொண்டால், அதற்குப் பெயர் எக்ஸ்டென்ஷன் ட்யூப். இதுவும் வெற்றுக் குழாய். தூரத்தைக் கைவிட்டுக் கிட்டத்தை வாங்குகிறோம். பொதுவாக 12, 20, 36 என்று மூன்று குழாய்கள் ஒரு செட்டாக வரும். எவ்வளவு பெரிதாகும் என்பதற்கும் கணக்கு எளிது. லென்ஸை இன்ஃபினிட்டியில் வைத்துவிட்டு, ட்யூப் நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. ட்யூப் போட்டால், பொருளின் பாதி அளவுக்குச் சென்சாரில் பிம்பம் விழும். 50 மி.மீ. போட்டால் பொருளும் பிம்பமும் ஒரே அளவு. அதே ட்யூபை 300 மி.மீ. லென்ஸில் போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. நீள லென்ஸ் இங்கேயும் அசைந்து கொடுக்காது.

ட்யூபின் அருமை எனக்குத் தெரிந்தது பூவிலோ தும்பியிலோ அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலை வந்த வீடுகளில் ஆல்பம் என்று எதுவும் மிஞ்சவில்லை. சட்டைப்பையில் இருந்ததோ, உறவுக்காரர் வீட்டில் கிடந்ததோ, தபால் தலை அளவில் ஒரு படம், அடையாள அட்டையில் ஒட்டியது. அதைக் கையில் பொத்திக்கொண்டு வருவார்கள். “அண்ணே, இதைச் சுவரில் மாட்டுற அளவுக்குப் பெருசாக்கித் தர முடியுமா?”

20 மி.மீ. அகலம், 25 மி.மீ. உயரம். சாதாரணமாக 50 மி.மீ. லென்ஸ் அரை மீட்டருக்குக் கிட்டே நெருங்க விடாது. அந்தத் தூரத்தில் எடுத்தால் ஃபிலிமில் முகம் ஒரு மிளகு அளவுதான் விழும். 20-ஐயும் 36-ஐயும் சேர்த்து 56 மி.மீ. ட்யூப் போட்டேன். 56-ஐ 50-ஆல் வகுத்தால் 1.12. படம் 28 மி.மீ. உயரத்துக்கு, 22 மி.மீ. அகலத்துக்கு ஃபிலிமில் விழும். ஃபிலிம் சட்டம் 36-க்கு 24. அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. லென்ஸுக்கும் அட்டைக்கும் நடுவில் பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்தேன். கூர்மை நிற்கிற ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். அட்டை கொஞ்சம் வளைந்திருந்தாலும் கண் தெளிந்து காது மங்கும். அதனால் மேலே ஒரு கண்ணாடித் தகடு வைத்து அழுத்தினேன். அப்படி எத்தனை முகம் எடுத்தேன் என்று எண்ணவில்லை. எண்ணத் தோன்றவில்லை.

ட்யூப் கூலி கேட்கும். கூலி வெளிச்சம். டார்ச் லைட்டைச் சுவரில் அடித்துக்கொண்டே பின்னால் நகருங்கள், வட்டம் பெரிதாகி மங்கும். லென்ஸ் ஃபிலிமை விட்டுத் தள்ளிப்போனாலும் அதே கதை. உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, வந்ததை அதனாலேயே பெருக்குங்கள். ஒரே அளவுப் படத்துக்கு இரண்டு பெருக்கல் இரண்டு, நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். என்னுடைய 1.12-க்கு நாலரை மடங்கு. கேமராவின் மீட்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதானால் அதுவே சரிசெய்துகொள்ளும். கையால் ஒளி அளக்கிறவர்கள் இதை மறந்தால் ரோல் முழுக்கப் படங்கள் இருண்டுபோகும்.

இங்கே இருக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நாளைக் காலை மீன் இறங்கும்போது ஒரு செதிலை எடுத்துக் கழுவுங்கள். பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ட்யூப் போட்டு ஒரு படம் எடுங்கள். மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி வளையம் வளையமாகத் தெரியும், மீன் வளர்ந்த வரலாறு. குளிர்க் கடல் மீன்களில் கோடை, குளிர் என்று பிரித்து வயதையே எண்ணிவிடுவார்கள். நம் கடல் வருஷம் முழுக்க வெதுவெதுப்பு, அதனால் வளையங்கள் அவ்வளவு தெளிவாகப் பிரியாது. ஆனாலும் பாருங்கள்.

இதுவரை சொன்ன இரண்டிலும் கண்ணாடி இல்லை. மூன்றாவதில் கண்ணாடி வருகிறது. டெலிகன்வர்ட்டர்.

இதைப் புரிய வைக்க எனக்குக் கருவாடு வேண்டும். ஒரு கூடை மத்தி. அதைச் சின்னப் பாயில் கொட்டினால் மீன்மேல் மீன் விழும். அதே கூடையைப் பெரிய பாயில் பரப்பினால் மீனுக்கு மீன் இடைவெளி விழும். மீன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லென்ஸ் கொண்டுவருகிற வெளிச்சம் அந்த ஒரு கூடை மீன். டெலிகன்வர்ட்டர் அதைப் பெரிய பாயில் பரப்புகிறது. லென்ஸிலிருந்து குவிந்து வருகிற கதிர்களுக்குக் குறுக்கே நடுவில் குழிந்த கண்ணாடிக் கூட்டத்தை வைத்தால், கதிர்கள் சீக்கிரம் குவியாமல் இன்னும் தள்ளிப் போய்க் குவியும், பிம்பம் பெரிதாகும். பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலக் கணித மேதை 1830-களில் தொலைநோக்கிக்காகச் செய்த ஏற்பாடு இது. வானம் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் பார்லோ லென்ஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

1.4 மடங்கு கன்வர்ட்டர் பிம்பத்தை நீளத்தில் 1.4, பரப்பில் இரண்டு மடங்கு ஆக்குகிறது. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் பாதி, கேமரா மொழியில் ஒரு ஸ்டாப். 2 மடங்கு கன்வர்ட்டரில் பரப்பு நான்கு, வெளிச்சம் கால், இரண்டு ஸ்டாப். எஃப் எண் என்றால் குவியத் தூரத்தை லென்ஸின் துளையால் வகுத்தது, எண் ஏறினால் வெளிச்சம் குறையும். 300 மி.மீ., எஃப் 4 லென்ஸ் 420 மி.மீ., எஃப் 5.6 ஆகும். அல்லது 600 மி.மீ., எஃப் 8 ஆகும். ட்யூபைப் போல் தூரத்தைக் கெடுக்காது, இன்ஃபினிட்டி அப்படியே இருக்கும். முன்பு எவ்வளவு கிட்டே நெருங்க முடிந்ததோ அவ்வளவு கிட்டே இப்போதும் நெருங்கலாம், படம் மட்டும் பெரிது. பலர் கவனிக்காத லாபம் இது.

தெற்கே கோடியக்கரைக்கு எத்தனையோ பேர் டெலிகன்வர்ட்டரோடு போகிறார்கள். 1967-இலிருந்து சரணாலயம், 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் வரும். காலையில் எஃப் 4-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் எடுத்துக்கொண்டிருந்தவர் 2 மடங்கு கன்வர்ட்டர் போட்டதும் இருநூற்றைம்பதில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். இல்லையென்றால் ஒளியுணர்வை, அதாவது ஐ.எஸ்.ஓ.-வை, 400-லிருந்து 1600-க்கு ஏற்ற வேண்டும். பறக்கிற உள்ளானுக்கு இருநூற்றைம்பது போதாது. பத்து மணிக்கு மேல் வேதாரண்யம் உப்பளப் பக்கம் கானல் நெளிய ஆரம்பித்துவிடும். அப்போது கன்வர்ட்டர் பறவையைப் பெருக்குவதில்லை, கானலைப் பெருக்குகிறது. லென்ஸில் இருக்கிற குற்றத்தையும் சேர்த்தே பெருக்கும். சுமாரான ஜூம் லென்ஸில் 2 மடங்கு கன்வர்ட்டர் போடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அந்தக் காசுக்கு பஸ் டிக்கெட் எடுத்து இன்னும் பத்தடி கிட்டே போய் உட்காருங்கள்.

(இந்த இடத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு இளைஞர் கேட்டார்: “அண்ணே, எடுத்துட்டு வந்து நடுவுல வெட்டிக்கிட்டா போதாதா? எதுக்கு கன்வர்ட்டர்?”)

நல்ல கேள்வி தம்பி. பாதி நேரம் போதும், கன்வர்ட்டர் விற்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். இதோ சற்று நேரத்தில் நிலா எழும்பப் போகிறது, அதையே எடுத்துக்கொள். லென்ஸின் குவியத் தூரத்தை 110-ஆல் வகுத்தால் நிலாவின் பிம்பம் கிடைக்கும். 300 மி.மீ. லென்ஸில் 2.7 மி.மீ. உன் 24 மெகாபிக்சல் கேமராவின் சென்சார் 24 மி.மீ. உயரம், அதில் 4000 புள்ளி. அப்படியானால் நிலாவுக்குக் கிடைப்பது 450 புள்ளி. நீ வெட்டி எடுத்துப் பெரிதாக்கினாலும் அந்த 450-தான் இருக்கும். 2 மடங்கு கன்வர்ட்டர் போட்டால் 5.4 மி.மீ., 900 புள்ளி. லென்ஸ் நல்ல லென்ஸானால் அந்த 450-க்குள் அடங்காத பள்ளமும் மேடும் 900-இல் வெளியே வரும். லென்ஸ் மட்டமானதானால் 900 புள்ளியும் அதே மங்கலைத்தான் வரையும், அதற்கு வெட்டிக்கொள்வதே மேல். லென்ஸ் சென்சாரை விடக் கூர்மையாக இருந்தால் மட்டும் கன்வர்ட்டர்.

நான்காவது சாமான் இதற்குத் தலைகீழ். பெரிய பாயில் கிடந்த மீனைச் சின்னப் பாயில் குவிப்பது. நடுவில் தடித்த கண்ணாடிக் கூட்டம், கதிர்களை இன்னும் சீக்கிரம் குவிக்கும். பிம்பம் சிறிதாகும், வெளிச்சம் அடர்த்தியாகும். ஃபோகல் ரெட்யூசர். 2013 ஜனவரியில் மெட்டபோன்ஸ் என்ற கம்பெனி ஸ்பீட் பூஸ்டர் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தபோது பலர் ஏமாற்று வேலை என்றார்கள். கண்ணாடியைச் சேர்த்தால் வெளிச்சம் கூடுமா என்ன? கூடாதுதான். குவியும். 0.71 மடங்கு சுருக்கினால் பரப்பு பாதியாகும், ஒரு ஸ்டாப் லாபம். எஃப் 2.8 லென்ஸ் எஃப் 2 ஆகிவிடும். 50 மி.மீ., எஃப் 1.4 லென்ஸ் 35 மி.மீ., எஃப் 1 ஆகிவிடும். ராத்திரி மேடைக் கச்சேரி எடுக்கிற தம்பிகளுக்கு இந்த ஒரு ஸ்டாப்பின் விலை தெரியும்.

இது எங்கே பயன்படும்? முழு ஃபிலிம் அளவுக்குச் செய்த பழைய லென்ஸின் ஒளிவட்டம் 43 மி.மீ. விட்டம். சின்ன சென்சார் கேமராவில் அதை மாட்டினால், வட்டத்தின் ஓரமெல்லாம் சென்சாருக்கு வெளியே கொட்டி வீணாகும். ரெட்யூசர் அந்த வட்டத்தை 31 மி.மீ.-க்குச் சுருக்கிச் சின்ன சென்சாருக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. பாய்க்கு வெளியே சிந்தின மீனை அள்ளிப் பாய்க்குள் போடுகிறோம். படத்தோடு குற்றமும் சுருங்குவதால் சில சமயம் கூர்மை கூடவே செய்யும். ஆனால் கண்ணாடி எழுந்து படுக்கிற பழைய கேமராவில் இதற்கு இடமில்லை. மிரர்லெஸ்ஸின் காலியிடத்தில்தான் இது உட்காரும். பிம்பம் முன்னால் நகர்ந்துவிடுவதால், ரெட்யூசர் உள்ள அடாப்டர் வெற்று அடாப்டரை விடக் குட்டையாக இருக்கும். சின்ன சென்சாருக்கென்றே செய்த லென்ஸை இதில் மாட்டாதீர்கள். மூலைகள் இருண்டுவிடும்.

வானியல்காரர்களுக்கு இது பழைய சங்கதி. நம்ம ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, அங்கே 1972-இல் ஜெர்மனியின் ஜேனாவிலிருந்து வந்த 1 மீட்டர் ஸைஸ் தொலைநோக்கியின் விகிதம் எஃப் 13. குவியத் தூரம் 13 மீட்டர். நிலாவின் பிம்பமே 12 சென்டிமீட்டர் இருக்கும், எந்த சென்சாரில் கொள்ளும்? 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்தக் கிரகத்துக்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிய அவதானிப்புகளில் இந்தத் தொலைநோக்கியினுடையதும் ஒன்று. அந்த வேலைக்கு அகலமான பார்வை தேவையில்லை, ஒரே ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் விட்டு விட்டு மங்குவதைப் பார்த்தால் போதும்.

ஆனால் மங்கலான அண்டங்களைப் படமெடுக்க அகலமும் வேண்டும், அடர்த்தியும் வேண்டும். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4500 மீட்டர் உயரத்தில், இந்திய வான் இயற்பியல் நிறுவனம் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்திருக்கிறது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. 2000 செப்டம்பரில் முதல் ஒளி கண்டது. பெங்களூருக்குப் பக்கத்து ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். எஃப் 9, அதாவது சுமார் 18 மீட்டர் குவியத் தூரம். அதன் பின்னால் மாட்டியிருக்கிற எச்.எஃப்.ஓ.எஸ்.சி. என்ற கருவிக்குள் ஒரு ஃபோகல் ரெட்யூசர் இருக்கிறது, 0.58 மடங்கு. பதினெட்டு மீட்டர் பத்தரை மீட்டராகச் சுருங்குகிறது, எஃப் 9 எஃப் 5-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. ஒரு கருவிக்கு டென்மார்க் கை, ஒரு தொலைநோக்கிக்கு அமெரிக்கக் கை, மலைமேல் கட்டி இறுக்கியது நம் கை. சூப்பர் பாண்டரோசாவின் பெரிய பேத்தி என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. லென்ஸும் பாடியும் தனியாக இருக்கும்போது ஒரு இணைப்பு, அடாப்டரோ கன்வர்ட்டரோ சேர்ந்தால் இரண்டு, மூன்று இணைப்பு. ஒவ்வொரு இணைப்பிலும் நம்ம கடல்காற்று நுழையும். எக்ஸ்டென்ஷன் ட்யூபில் உப்பு பூத்தால் துடைத்துக்கொள்ளலாம், கண்ணாடி இல்லை. கன்வர்ட்டருக்குள் பூஞ்சை பிடித்தால் கழற்றுகிற கூலிக்குப் புதிதே வாங்கலாம். வீட்டுக்குப் போனதும் அவிழ்த்துக் காயப் போடுங்கள். கட்டுமரத்துக்குச் சொன்னதேதான்.

கிழக்கே வெளுக்கிறது. பேச்சை இங்கே நிறுத்துகிறேன். ட்ரைபாடில் 300 மி.மீ. லென்ஸும் 2 மடங்கு கன்வர்ட்டரும் மாட்டித் தயாராக இருக்கிறது. முதலில் நிலா அடிவானத்து ஈரத்தில் நெளிந்து, முட்டை மாதிரி சப்பையாகத்தான் தெரியும். கால் மணி பொறுத்தால் திரண்டுவிடும். சின்னப் பிள்ளைகள் முதலில், பெரியவர்கள் பின்னால். மணலில் கால் புதைகிறது, யாராவது வீட்டிலிருந்து ஒரு பலகை கொண்டு வாருங்கள். அந்த வளையம், சுற்றுக்கு விட்டேனே, யார் கையில் இருக்கிறது?